சந்தோஷச் சீட்டு

ஏம்மா, அந்தப் பைய மடியில வச்சிக்கிட்டின்னா நானும் உக்காந்துக்கிடுவேன்லா. ஆங், அப்படித்தான். ஸ்தோத்திரம். நாகர்கோயில்தான? நானும் அங்கதான். ரெண்டு மணி நேரம் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமப் போயிருமோன்னு பயந்துக்கிட்டே ஏறுனேன். கர்த்தர் உன்னைக் காட்டிட்டாரு.

நர்ஸா? நைட் டூட்டி முடிஞ்சா போற? அடுத்த டூட்டிக்காரி வராம மத்தியானம் வரைக்கும் புடிச்சி வச்சிட்டாவளா? அதான் கண்ணு செவந்து கெடக்கு. தூங்கு, தூங்கு. நான் ஒரு தொந்தரவும் பண்ண மாட்டேன். ஆனா ஒண்ணு, பஸ்ஸுல தூங்குனா கழுத்து புடிச்சிக்கிடும். எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தச் சொல்லுதேன், கேட்டுக்கிட்டே வா. நேரம் போறதே தெரியாது.

என் பேரு ஞானசுந்தரி. பாளையங்கோட்டையில வீடு. எங்க சர்ச் பெண்கள் சங்கத்துக்குப் பதினோரு வருஷமா நான்தான் செயலாளர். எலெக்ஷன்லாம் கெடையாது. நான் நிக்கேன்னு சொன்னா வேற ஒருத்தியும் நிக்க மாட்டா. அம்புட்டு மரியாத.

வருஷா வருஷம் ஜனவரி மொத ஞாயிறு, ஆராதனை முடிஞ்சி சங்கத்துல புது வருஷத் தீர்மானம் எடுப்போம். முந்தின வருஷம் என்ன எடுத்தோம்? பைபிள ஒரே வருஷத்துல முழுசும் வாசிக்கணும். நாப்பத்திமூணு பேரு கையத் தூக்குனாளுவ. ஆதியாகமம் ஓடிட்டு, யாத்திராகமம் நடந்துட்டு, மூணாம் புஸ்தகம் லேவியராகமத்துல வந்து எல்லாவளும் படுத்துட்டா. அதுக்கு முந்தின வருஷம் சீரியல் பாக்க மாட்டோம்னு தீர்மானம். பொங்கல் கழியல, ஐயரம்மாவே, அதான் எங்க பாஸ்டர் சம்சாரம், என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஞானசுந்தரி, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டா?"ன்னு கேக்காவ. எந்தப் பிள்ளன்னு நானும் கேக்கல. எனக்குத்தான் தெரியுமே.

அதான் இந்த வருஷம் நான் எந்திரிச்சி நின்னு சொல்லிட்டேன். "இனிமே அழுமூஞ்சித் தீர்மானம் வேண்டாம். சந்தோஷமானதா எடுப்போம். ஆசையா எடுத்தாத்தான் நெலைக்கும்"னு. கூட்டத்துல ஒரே கைதட்டு. நாப்பத்திமூணு பொம்பளைக்கும் மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம், நீ பாத்திருக்கணும்.

இரு, முக்கியமான விஷயமே இனிமேத்தான் இருக்கு. வருஷப் பிறப்பு ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுப்போம், நீ கேள்விப்பட்டிருப்ப. ஒரு தட்டுல வசனம் எழுதுன அட்டையக் குமிச்சி வச்சிருக்கும். கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு எடுக்கணும். அந்த வருஷம் பூரா ஆண்டவர் உனக்குத் தார வாக்கு அதுதான். புடிக்கலன்னு திருப்பி வச்சிட்டு வேற எடுக்கக் கூடாது. எங்க சின்னம்மா ஒருத்தி மூணு தடவ மாத்தி மாத்தி எடுத்தா. மூணும் பொறுமையப் பத்தின வசனமாவே வந்துது.

அந்த மாதிரிதான் நானும் வச்சேன். எல்லாரும் ஆளுக்கொரு சந்தோஷத்தச் சீட்டுல எழுதி, பேரு போடாம, கூடையில போடணும். பெறவு ஆளுக்கொண்ணு எடுக்கணும். யாரு சீட்டு உன் கைக்கு வருதோ, அவளுக்கு அந்தச் சந்தோஷம் கெடைக்கதுக்கு வருஷம் பூரா நீதான் பொறுப்பு. எப்படி? "பேரே இல்லன்னா எழுதுனவ யாருன்னு எப்படித் தெரியும்?"னு ஐயரம்மா கேட்டாவ. "கண்டுபுடிக்கணும், அதுலதான அன்பு இருக்கு"ன்னேன்.

என்னென்ன எழுதியிருந்தாளுவ! ஒருத்தி, வாரத்துல ஒருநா கடைப் பரோட்டா. ஒருத்தி, அறுவத்திரெண்டு வயசுல சைக்கிள் படிக்கணுமாம். இன்னொருத்தி, எங்க வீட்டுக்காரரு போனக் கீழ வச்சிட்டு ஒருமணி நேரம் என்கூடப் பேசணும்னு எழுதியிருக்கா. அதை எடுத்தது கல்யாணமாவாத ஹாஸ்டல் வார்டன். என்ன செய்வா பாவம்.

நான் என்ன எழுதுனேனா? "தினமும் ஒருவருக்காவது நல்ல புத்தி சொல்வேன்." எனக்கு அதுலதான் சந்தோஷம். அந்தச் சீட்ட யாரு எடுத்தான்னுதான் இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்கா. கேட்டா தரையப் பாக்காளுவ.

என் கைக்கு ஒரு சீட்டு வந்துது பாரு. பையிலயே வச்சிருக்கேன், காட்டுதேன். இந்தா. வாசி. கண்ணு மங்கலா இருக்கா? சரி நானே வாசிக்கேன். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். யாரும் என்னை எழுப்பக் கூடாது." அம்புட்டுதான்.

பரோட்டா கேக்கா, சைக்கிள் கேக்கா, ஒருத்தி தூக்கத்தக் கேக்காளே! காசா பணமா? வாரத்துல ஒருநா ரெண்டு மணி நேரம். அதக் கூடக் குடுக்காம எந்த மாமியாக்காரி அந்தப் பிள்ளையப் போட்டு வதைக்கான்னு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. மருமவதான் எழுதியிருப்பா, அதுல சந்தேகமே வேண்டாம். வேற யாரு இப்படி எழுதுவா? அன்னைக்கே முழங்கால் போட்டுச் சொல்லிட்டேன், ஆண்டவரே, அந்த ராட்சசி யாருன்னு எனக்குக் காட்டும்னு.

எனக்கும் ஒரு மருமவ இருக்கா. ஷைனி. உங்க நாகர்கோயில் பிள்ளதான். கல்யாணமாயி ரெண்டு வருஷம். தங்கமான பிள்ள, நான் குறையே சொல்ல மாட்டேன். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுத லேப்ல வேல. காலையில ஆறரைக்கு அவதான் போயித் தொறக்கணும், வெறும் வயித்தோட ஆளுக வந்து நிப்பாவள்லா. ஆறு நாள் வேல. ஏழாம் நாள் ஆண்டவரே ஓய்ந்திருந்தாரு, அதனால அவளுக்கும் ஞாயித்துக்கிழம லீவுதான். கோயில் ஆராதனை முடிஞ்சி வந்து கறி வச்சி, சோறு பொங்கி, ஏனம் கழுவுனா வேல முடிஞ்சிது.

அவளும் சங்கத்துல சீட்டு எழுதித்தான் போட்டா, ஆனா அவ கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷத்துல அந்தப் பிள்ள உக்காந்து ஒரு வரி எழுதி நான் பாத்ததே இல்ல.

சரி, ராட்சசியத் தேடணுமே. வீடு வீடாப் போகணும். என்னைக்குப் போக? ஞாயித்துக்கிழம மத்தியானம் போனாத்தான கையும் களவுமாப் புடிக்கலாம்? எங்க வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்ட வராது. அவிய சாப்பிட்டதும் நாக்காலியில சாஞ்சி பேப்பர் படிப்பாவ. பேப்பர் மொகத்து மேலயேதான் இருக்கும், அப்படி உன்னிப்பாப் படிப்பாவ. மவன் எட்வின் மருந்து கம்பெனி ரெப், பாதி நாளு வெளியூரு. அப்போ யாரு இருக்கா? ஷைனிகிட்டதான் ஸ்கூட்டி இருக்கு.

சொன்னதும் ஒரு மாதிரி என்னையப் பாத்தா. "அத்தை, எதுக்குப் போறோம்?"னா. "பாவம் ஒரு பிள்ள தூங்க முடியாமத் தவிக்கி. நாமதான கேக்கணும்"னேன். வாயத் தொறந்தா, மூடிக்கிட்டா, சாவிய எடுத்துட்டு வந்துட்டா. சொன்ன பேச்சத் தட்டாத பிள்ள.

மொத வாரம் மூணு வீடு. கமலபாய் வீட்டுல போயி பெல் அடிக்கேன், அடிக்கேன், பத்து நிமிஷம் கழிச்சி கொண்டையக் கட்டிக்கிட்டே வாரா. "உன் மருமவ எங்க?"ன்னேன். "தூங்குதா"ன்னா. "நெசமாத்தானா, கூப்பிடு பாப்போம்"னேன். அந்தப் பிள்ள கண்ணக் கசக்கிக்கிட்டு வந்து நின்னுது. "ஏம்மா, உன்னை இந்த வீட்டுல மத்தியானம் தூங்க விடுதாளா?"ன்னு கேட்டேன். அதுக்குள்ள மாமனார் எந்திரிச்சிட்டாரு, பேரப்பிள்ள எந்திரிச்சி அழ ஆரம்பிச்சிட்டு. நல்ல குடும்பம். அந்த வீட்டுல குத்தம் இல்லன்னு மனசுல குறிச்சிக்கிட்டேன். திரும்பிப் பாத்தா இந்த ஷைனி அவிய சோபாவுல சாஞ்சி கொர்னு... ஒரு வீட்டுக்குப் போனா மரியாத வேண்டாமா? தட்டி எழுப்பிக் கூட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் அஞ்சு வீடு போனோம். ஒருத்தி வீட்டுலயும் கதவத் தொறக்கல. உள்ள ஃபேன் ஓடுத சத்தம் கேக்கு. செருப்பு வாசல்ல கெடக்கு. ஜன்னல்ல ஒரு கண்ணு தெரிஞ்சிது, பெறவு திரை விழுந்துட்டு. பாரேன், குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாவ?

ஐயரம்மாதான் என்னைக் கூப்பிட்டு, "ஞானசுந்தரி, உன் வீட்டுல ஷைனி எப்ப ஓய்வெடுப்பா?"ன்னு கேட்டாவ. நான் சிரிச்சிட்டேன். அவளுக்கு என்ன கொறச்சல்? நான் அவள எழுப்புனதே கெடையாது. கூப்பிடுவேன், அம்புட்டுதான். படுத்த பெறகு, மாடியில துணி காயிதே, மழ வருமோன்னு கேப்பேன். என் கண்ணாடி எங்கன்னு கேப்பேன். பெங்களூருல இருக்க எம்மவ போன் பண்ணா, நாத்தனார்கூட ரெண்டு வார்த்த பேசட்டுமேன்னு கொண்டுபோயிக் காதுல வைப்பேன். அப்படியே அவ அசந்துட்டாலும், அஞ்சு நிமிஷத்துக்கொரு தரம் கதவ லேசாத் தொறந்து, "தூங்குதியாம்மா?"ன்னு கேட்டுட்டு வந்துருவேன். எந்த மாமியா இப்படிப் பாத்துக்கிடுவா?

என் மாமியா இருந்தாளே, அவ எழுப்புவா. கூப்பிடல்லாம் மாட்டா. செம்புத் தண்ணிய மூஞ்சியில தெளிப்பா. இருவத்தியாறு வருஷம். அவ செத்துப் பத்து வருஷமாச்சி, இன்னமும் மத்தியானம் ரெண்டு மணிக்குப் படுத்தா எனக்குத் திடுக்குன்னு முழிப்பு வந்துரும். மூஞ்சியத் தொட்டுப் பாத்தா காஞ்சிதான் இருக்கும். சவத்த விடு, அத ஏன் இப்ப பேசிக்கிட்டு.

ஏம்மா, நாங்குநேரி வந்துட்டு, பாரு. பாத்தியா? சரி.

ஜனவரி கடேசி ஞாயிறு. இனிப் பொறுக்கக் கூடாதுன்னு சங்கத்துல எந்திரிச்சி நின்னேன். சீட்டு வாசகத்த வாசிச்சேன். "இந்தக் கூட்டத்துலயே அந்த மாமியார் உக்காந்திருக்கா. அவளுக்கு அவ செய்யிற கொடும தெரியல. ஆண்டவரே, அந்தக் கல்லு நெஞ்ச ஒடையும், அவ கண்ணத் தொறந்து விடும்"னு குரலெடுத்து ஜெபம் பண்ணுனேன்.

என்னைத் தவிர மத்த நாப்பத்திரெண்டு பேரும் சேந்து "ஆமென்"னாளுவ. எங்க சபையில அம்புட்டுச் சத்தமா ஒரு ஆமென் நான் கேட்டதே இல்ல. வெளிய நின்ன வாட்ச்மேன் எட்டிப் பாத்தான். கமலபாய் ரெண்டு தடவ சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சி.

அன்னைக்கு மத்தியானமும் கெளம்புனோம். பாக்கி நாலே வீடு. மார்க்கெட் தாண்டி எளநிக்காரன் இருப்பாம்லா, அங்கன நல்ல அகலமான ரோடு, எதுத்தாப்புல ஒரு வண்டி இல்ல. நான் பின்னால உக்காந்து அடுத்த வருஷத் தீர்மானத்தப் பத்திப் பேசிக்கிட்டே வாரேன். வண்டி மெதுவா, மெதுவாப் போயி, எளநிக் குவியல்ல ஏறி நின்னுட்டு. நான் அப்படியே சரிஞ்சி எளநிக்கு நடுவுல உக்காந்துட்டேன். கர்த்தர் கிருபை, ஒரு சிராய்ப்பு இல்ல. ஷைனியப் பாத்தா ஹேண்டில்ல தலைய வச்சிக்கிட்டுக் கெடக்கா. அய்யோ பிள்ளைக்கு என்னாச்சோன்னு போயித் தூக்குதேன், தூங்குதா! விழுந்த பெறகும் தூங்குதா, கேட்டியா!

உலுக்குனேன். முழிச்சா. பிளாட்பாரத்துல உக்காந்து ஒரே அழுக. ரோட்டுல போறவன் வாரவன்லாம் பாக்கான். "அத்தை, அந்தச் சீட்டு நான் எழுதுனது"ங்கா.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "நீயா? உன்னை யாருட்டி எழுப்புதா?"ன்னேன். அவ என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. எளநிக்காரனும் என்னையே பாக்கான். அவனுக்கென்ன தெரியும்? எங்க கத அவனுக்கு யாரு சொன்னா?

பெறவு ராத்திரி யோசிச்சிப் பாத்தேன். அவ சொன்னது நெசமா இருந்தா, காலையில அந்த ஆமென்... சே, சே. அப்படியெல்லாம் இருக்காது. அந்தப் பிள்ளைக்கு இளகுன மனசு. நெசமா எழுதுனவளக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கிட்டா. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

எட்வின் மட்டும் வந்து ஒரு பேச்சுப் பேசுனான். "அம்மா, அந்தச் சீட்டு வேற யாரு கையில வந்திருந்தாலும் இந்நேரம் அவ தூங்கியிருப்பா"ன்னான். பெத்த தாயப் பாத்துப் பேசுத பேச்சா இது? ரெண்டு நாளு சாப்பிடல நான். சாப்பிடலன்னா, சோறு சாப்பிடல.

மறு வாரமே நாகர்கோயில்ல ஒரு லேப்ல வேல கெடைச்சிட்டுன்னு ஷைனி வந்து நிக்கா. எட்வினுக்கு எங்கயிருந்தாலும் ஒண்ணுதான், ரெப் வேல. வீடு பாத்து, பால் காய்ச்சி, போயிட்டாவ. "கொஞ்ச நாளைக்குத்தான் அத்தை"ன்னு என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னா. வீடு வெறிச்சோடிக் கெடக்கு இப்போ. துணி காயிதான்னு யாருகிட்ட கேக்க? கதவத் தொறந்து பாத்தா வெறுங் கட்டிலு. வாய்விட்டுச் சொல்லுதேன், எனக்கு அவ வேணும். திரும்பக் கூட்டிட்டு வரணும்னுதான் இந்தப் பஸ்ஸுல ஏறியிருக்கேன்.

போன் பண்ணா எட்வின்தான் எடுப்பான். "ஷைனி எங்கல?"ன்னா "தூங்குதாம்மா"ம்பான். எல்லா ஞாயித்துக்கிழமையும் ரெண்டு மணிக்குப் பண்ணுதேன். எல்லா ஞாயித்துக்கிழமையும் தூங்குதாளாம். உடம்புக்குத்தான் என்னமோ ஏதோன்னு எனக்குக் கவல வந்துட்டு. எங்க வீட்டுக்காரருகிட்ட, நீங்களும் வாங்கன்னேன். "நீ போயிட்டு வா. மெதுவா வா. ஒரு வாரம் இருந்துட்டே வா"ன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோவுல கொண்டுவந்து விட்டாவ. கல்யாணமாயி முப்பத்தாறு வருஷத்துல அவிய என்னை வழியனுப்ப வந்தது இதான் மொத தடவ.

ஆனா ஒண்ணு, இந்தச் சீட்டு நெறவேறிட்டுன்னு சங்கத்து நோட்டுல நான் எழுதிட்டேன். பின்ன என்ன? நான் கேள்வி கேட்ட பெறகு எங்க சபையில ஒரு மருமவளையும் ஞாயித்துக்கிழம மத்தியானம் ஒருத்தியும் எழுப்புறதில்ல. வாசல்ல நோட்டீஸே ஒட்டிட்டாளுவ, "மத்தியானம் யாரும் வர வேண்டாம்"னு. அப்போ எழுதுனவ யாரா இருந்தாலும் அவளும் தூங்கித்தான இருப்பா? நாப்பத்திமூணு சீட்டுல மொதல்ல நெறவேறுனது என் கைக்கு வந்த சீட்டு. ஐயரம்மாகிட்ட சொன்னேன், அவிய கண்ணத் தொடச்சிக்கிட்டாவ.

ஆரல்வாய்மொழி வந்துட்டா? கரண்டு எடுக்குத காத்தாடியெல்லாம் சுத்துது பாரு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமலா, ரெண்டு மணிக்குக் கரெக்டாப் போயிருவேன். சொல்லாமப் போறேன், கேட்டியா, பிள்ள சந்தோஷப்படட்டும்னு.

வெறுங்கையோட போகல. எட்வின் சொன்னான், புது வீட்டுல காலிங் பெல் இல்லையாம். வீட்டு ஓனரு மாட்டித் தாரேன்னு சொன்னதுக்கு இவதான் வேண்டாம்னுட்டாளாம். கூச்ச சுபாவம், அடுத்தவங்களுக்குச் செலவு வைக்க மாட்டா. யாராவது வந்து நின்னா பாவம், உள்ள தூங்குதவளுக்கு எப்படித் தெரியும்? அதான் புது வீட்டுப் பரிசா நானே ஒண்ணு வாங்கிட்டேன். வயரே வேண்டாம், பேட்டரிதான். இந்தப் பொத்தான வாசல்ல ஒட்டிரணும், சத்தம் வார இந்தப் பெட்டிய அவ கட்டிலுக்குத் தலமாட்டுல மாட்டிரணும். முப்பத்தாறு பாட்டு வரும். போனதும் மாட்டி, அடிச்சி அவள எழுப்பி, "இப்ப நல்லாத் தூங்க முடியுதாம்மா?"ன்னு கேக்கணும். அவ நல்லாத் தூங்குதேன்னு சொல்லிட்டா எனக்கு அது போதும்.

ஏம்மா. ஏ பிள்ள. அட, தூங்கிட்டியா? பாவம், ராத்திரி பூரா முழிச்ச பிள்ள. தூங்கு, தூங்கு.

ஏம்மா! ஒரு நிமிஷம் எந்திரி. இந்தா, இதக் கேளு. இது குயிலு. இது மணியோச. எத வச்சா அவளுக்குப் புடிக்கும்? சொல்லிட்டு நீ பாட்டுக்குத் தூங்கு.